செடி செழிப்பாக இருக்கிறது, பழத்தை மட்டும் காணோம்

கேள்வி: ஒட்டாவாவில் வீடு வாங்கி வந்த வருடமே வாசலில் இரண்டு விண்டர்பெரிச் செடிகள் வைத்தோம். நர்சரியில் வாங்கும்போது கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் இருந்தது. அட்டையில் ‘ரெட் ஸ்பிரைட்’ என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு மூன்று பனிக்காலம் போய்விட்டது, ஒரு பழம்கூட இல்லை. ஜூனில் பூக்கத்தான் செய்கிறது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் வாசலில் உயரமான விண்டர்பெரி ஒன்று பனிக்கு நடுவே சிவந்து நிற்கிறது. எங்களுடையதில் இலையும் மஞ்சள் அடிக்கிறது. பக்கவாட்டில் ஹைபுஷ் கிரான்பெரி ஒன்று இருக்கிறது. அதன் இலையைக் கோடையில் ஏதோ பூச்சி சல்லடையாக்கிவிடுகிறது, பூவே வருவதில்லை. என் கணவர் ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்லாச் செடிகளையும் உருண்டையாக வெட்டிவிடுவார். அது தவறா? வேலி ஓரத்தில் தானாக முளைத்த ஒரு முள்செடியில் மட்டும் கறுப்புப் பழம் கொட்டிக் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு. என்ன வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள்.
— ஒட்டாவா வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மார்ச் மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. நீங்கள் செய்ய வேண்டியவற்றில் பாதியை இலை விடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். எனவே காரணங்களைச் சொல்லும்போதே எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விண்டர்பெரி. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வாங்கும்போது பழம் இருந்தது, வீட்டுக்கு வந்த பிறகு இல்லை. வெயில், தண்ணீர், உரம் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நர்சரியில் இருந்து உங்கள் வாசலில் இல்லாமல் போனது எது? ஆண் செடி. விண்டர்பெரி ஹோலி குடும்பத்தைச் சேர்ந்தது. ஐலெக்ஸ் வெர்டிசிலாட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பனையில் நுங்கை யாரும் தேடமாட்டார்கள். ஆனால் அது சுற்றுவட்டாரத்தில் இல்லாவிட்டால் பெண் பனையும் காய்க்காது. நீங்கள் வாங்கிய ரெட் ஸ்பிரைட் இரண்டும் பெண். நர்சரியில் பக்கத்து வரிசையில் நின்ற ஏதோ ஓர் ஆண் செடியின் மகரந்தத்தில் காய்த்த பழங்களைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அதன் பிறகு மூன்று ஜூன் மாதமும் அவை பூத்துப் பூத்து வீணாகப் போயிருக்கின்றன.

அப்படியானால் இரண்டு வீடு தள்ளி நிற்கும் செடிக்கு எப்படிப் பழம் வருகிறது, அதற்குரிய ஆண் செடி நமக்கும் உதவாதா என்று கேட்பீர்கள். உதவாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தூரம். இந்தப் பூக்களுக்குள் மகரந்தத்தைச் சுமப்பவை தேனீக்களும் சிறு பூச்சிகளும்தான். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய 15 மீட்டருக்குள் இருந்தால் நம்பலாம், அதைத் தாண்டினால் அதிர்ஷ்டம்தான். இரண்டாவது காரணத்தைப் பல நர்சரிகளில் சொல்லியே கொடுப்பதில்லை. எல்லா விண்டர்பெரியும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. ரெட் ஸ்பிரைட் முன்பாகவே பூக்கும் வகை, அதற்கு ஏற்ற ஆண் ‘ஜிம் டேண்டி’. உயரமாக வளரும் ‘விண்டர் ரெட்’ பின்னால் பூக்கும், அதற்கு ஏற்ற ஆண் ‘சதர்ன் ஜென்டில்மேன்’. அந்த வீட்டுச் செடி உயரமானது என்று எழுதியிருக்கிறீர்கள். அது விண்டர் ரெட் வகையாக இருந்தால், அதன் துணை பூக்கும் சமயத்தில் உங்களுடையது பூத்து முடிந்திருக்கும்.

ஆகவே மே மாதம் நர்சரி திறந்ததும் ஒரு ஜிம் டேண்டி வாங்குங்கள். ஒன்று போதும், ஐந்தாறு பெண் செடிகளுக்கும் அது போதும். அது ஒருநாளும் பழம் தராது. எனவே வாசலில் இடம் கொடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டிலோ பின்வரிசையிலோ வெயில் படும் இடமாகப் பார்த்து வையுங்கள். ‘ஆண் ஹோலி’ என்று மட்டும் போட்டிருக்கும் செடியை வாங்காதீர்கள். வகையின் பெயரைக் கேளுங்கள், பெயர் தெரியாது என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அட்டைகள் மாறிப்போவதும் உண்டு. அதனால் ஜூனில் ஒரு நாள் பூதக்கண்ணாடியோடு செடியருகே உட்கார்ந்து பாருங்கள். பூ மிகச் சிறியது, வெள்ளை நிறம், இலைக் காம்பும் தண்டும் சேரும் கணுவில் ஒட்டியிருக்கும். பெண் பூவின் நடுவே பச்சை மணி போன்ற ஒரு சின்னக் குமிழ் தெரியும். அதுதான் சூலகம், பிறகு பழமாவது அதுவே. அதைச் சுற்றி நிற்கும் மகரந்தத்தாள்கள் மெலிந்து, தூளில்லாமல் இருக்கும். ஆண் பூவில் அந்தக் குமிழ் இருக்காது. மஞ்சள் தூள் ஏந்திய தாள்கள் எடுப்பாக நிற்கும், பூக்களும் கொத்தாக நெருங்கியிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த அட்டையும் உங்களுக்குத் தேவைப்படாது.

புதிதாக வைத்த ஆண் செடி முதல் வருடம் போதுமான அளவு பூக்காமல் போகலாம். அதற்குப் பழத்தோட்டக்காரர்கள் செய்யும் ஓர் உபாயம் இருக்கிறது. தெரிந்தவர் தோட்டத்தில் ஜிம் டேண்டி இருந்தால், பூத்த கிளைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்து உங்கள் செடிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். மற்றதைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். அந்த நாட்களில் தோட்டத்தில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இனி மஞ்சள் இலை. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் நிற்கிறதா? அப்படியென்றால் இரும்புச் சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது அல்ல இது. மண்ணில் காரம் அதிகமாக இருப்பதால் வேர் அதை எடுக்க முடியாமல் தவிக்கிறது. விண்டர்பெரி கிழக்கு வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களிலும் ஓடைக் கரைகளிலும் தானாக வளரும் செடி. புளிப்பான, ஈரமான மண் அதற்கு வேண்டும். ஒட்டாவாவின் பல பகுதிகளில் நமக்குக் கிடைப்பதோ, பனியுகத்தின் முடிவில் இந்தப் பள்ளத்தாக்கை மூடியிருந்த சாம்ப்ளேன் கடல் விட்டுச்சென்ற கனத்த களிமண். ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த வரையில் நல்லது. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிய இடமாக இருந்தால், அடித்தளத்து கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செடியடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் காயவைத்து, அதில் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறது. அந்த இடத்தில் கந்தகத் தூள் போட்டு மண்ணைப் புளிப்பாக்குவது முடியாத காரியம், போடப் போட மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். செடியைத்தான் இடம் மாற்ற வேண்டும். ஏப்ரலில் மண் இளகியவுடன், மொட்டு விரிவதற்கு முன், வேர்மண்ணோடு பெயர்த்து, கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் பக்கத்தில், சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். மற்றச் செடிகள் அழுகிப்போகும் அந்த இடம் இதற்குச் சொந்த வீடு. வினிகர் நுரைக்காவிட்டால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, பிஎச் அளவை, அதாவது மண் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதைத் தெரிந்துகொண்டு, அவர்கள் சொல்லும் அளவுக்குக் கந்தகம் போடலாம். பலன் தெரிய ஒரு கோடையாவது ஆகும். மேலே பைன் மரப்பட்டை மூடாக்கு இடுங்கள். ஆகஸ்டில் மண் வறண்டால் பிடித்த பிஞ்சும் உதிர்ந்துவிடும்.

இதோடு ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன்: நெருப்பிடத்துச் சாம்பலைச் செடிகளுக்குப் போடுகிறீர்களா? முருங்கைக்கும் கத்தரிக்கும் சாம்பல் தூவி வளர்ந்தவர்கள் நாம், கை தானாகப் போகும். விண்டர்பெரிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். சாம்பல் காரம், முட்டை ஓடும் சுண்ணாம்பு.

இப்போது உங்கள் கணவரின் கத்தரிக்கோலுக்கு வருகிறேன். அவர் அக்கறையோடு செய்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் ஹைபுஷ் கிரான்பெரி அடுத்த வசந்தத்தில் பூக்க வேண்டிய மொட்டுகளை முந்திய கோடையிலேயே கிளை நுனிகளில் கட்டி வைத்துவிடும். செப்டம்பரில் உருண்டையாக வெட்டும்போது அவர் வெட்டி எறிவது அந்த மொட்டுகளைத்தான். செடிக்கு ஒரு கேடும் வராது, பச்சையாகத் தழைக்கும். பூ மட்டும் வராது. பூத்து முடிந்த பிறகு ஜூனில் வெட்டலாம் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அது பூவுக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்குச் சொன்னது. ஜூனில் நுனிகளை வெட்டினால் பிஞ்சும் கூடவே போய்விடும்.

பழத்துக்காக வளர்க்கும் புதருக்கு நுனி வெட்டே ஆகாது, அடி வெட்டுத்தான். மார்ச், ஏப்ரலில் செடியைச் சுற்றி வந்து, மிகவும் தடித்து முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு அறுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். மீதியை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு. செடி தன் இயல்பான வடிவத்தில் நிற்கும், உள்ளே வெளிச்சம் போகும், மீதித் தண்டுகள் பூக்கும். விண்டர்பெரிக்கும் இதே முறைதான். அது மெதுவாக வளர்வது, சில வருடங்களுக்குக் கத்தரியைக் காட்டவே வேண்டாம்.

இலையைச் சல்லடையாக்குவது வைபர்னம் இலை வண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த பூச்சி இது. ஹைபுஷ் கிரான்பெரி வைபர்னம் இனம், இந்த வண்டுக்கு மிகவும் பிடித்த உணவு. இலை முழுவதையும் இரண்டு மூன்று வருடங்கள் தொடர்ந்து இழந்தால் செடியே செத்துவிடும். ஆகவே இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்றோ நாளையோ கையில் சிறு கத்தரியோடு அந்தச் செடியருகே போய், சென்ற வருடம் வளர்ந்த மெல்லிய நுனிக் குச்சிகளைப் பிடித்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் போட்டதுபோல வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், சற்றே மேடிட்டுத் தெரியும். பெண் வண்டு குச்சியைக் குடைந்து, குழிக்குள் முட்டையிட்டு, கடித்த மரத்தூளையும் தன் கழிவையும் குழைத்து மூடிய மூடிகள் அவை. நகத்தால் ஒன்றைப் பெயர்த்தால் உள்ளே முட்டைகள் இருக்கும். ஒரு பெண் வண்டு 500 முட்டைகள் வரை இடக்கூடும். அவை மே மாதம் இலை விரியும்போது பொரிக்கும். அதற்கு முன் அந்தக் குச்சிகளை எல்லாம் வெட்டிக் குப்பைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். நுனியை வெட்டக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். இது மட்டும் விதிவிலக்கு, சில பூங்கொத்துகள் போனாலும் செடி பிழைக்கும்.

தப்பிய முட்டைகள் பொரித்து மே மாதத்தில் புழுக்கள் வந்தால், பூச்சிக்கான சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடிக்கலாம். புழுவின் மேல் பட்டால்தான் பலன். பூ விரிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டங்களின் அழகுக்காக இரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2009 முதல் தடை இருக்கிறது. அதனால் ‘எதாவது பவுடர் போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புழுக்கள் ஜூனில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, கோடை நடுவில் வண்டாக ஏறி வரும், மறுபடி முட்டை. இந்தச் சுழற்சியில் நம் கைக்கு மிக எளிதாக அகப்படுவது குச்சியில் உறங்கும் முட்டைதான். நன்றாக ஊட்டமாக வளரும் செடி, முட்டையிட்ட காயத்தைச் சதை வளர்த்து நெருக்கி முட்டையை நசுக்கிவிடவும் செய்யும். தண்ணீரும் மூடாக்கும் இங்கே மருந்தாகவே வேலை செய்கின்றன.

அந்தச் செடி பூக்கத் தொடங்கும்போது பூக்கொத்தைக் கவனியுங்கள். ஓரத்தில் பெரிய வெள்ளைப் பூக்கள் வளையமாக இருக்கும். அவை மலட்டுப் பூக்கள், பூச்சியை அழைப்பதற்காக மட்டும். நடுவில் இருக்கும் பொடிப் பூக்கள்தான் காய்க்கும். கொத்து முழுவதும் பெரிய பூக்களாக வெள்ளைப் பந்துபோல் இருந்தால் உங்களிடம் இருப்பது ‘ஸ்னோபால்’ வகை. அதை எப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் பழம் வராது. வைபர்னத்தில் ஆண், பெண் என்று தனித் தனிச் செடி கிடையாது. ஆனாலும் வேறு வகைச் செடி ஒன்று அருகில் இருந்தால் காய்ப்பு கூடும். வண்டுத் தொல்லை இருக்கும் உங்கள் தோட்டத்தில் இப்போதைக்கு இரண்டாவது வைபர்னம் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் செடி தேறட்டும்.

வேலியோரத்து முள்செடி பக்தோர்ன் என்றே நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ளுங்கள்: நவம்பரில் மற்றச் செடிகள் எல்லாம் இலை உதிர்த்த பிறகும் அது பச்சையாக நிற்கிறதா? குச்சியின் நுனி முள்ளாக முடிகிறதா? பட்டையைச் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான். கவனிப்பே இல்லாமல் இவ்வளவு காய்க்கிறதே என்று அதன் மேல் ஆசை வைக்காதீர்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காடுகளில் பரவி, உள்நாட்டுச் செடிகளை எழவிடாமல் செய்யும் களை அது. ஒன்ராறியோவின் களைச் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. ஓட்ஸ் பயிரின் துரு நோய்க்கும் சோயா அசுவினிக்கும் அது புகலிடம். பறவைகள் பழத்தைத் தின்று விதையை ஊரெல்லாம் தூவுகின்றன. கன்றுகளை வசந்தத்தில் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கிவிடலாம். பெரியதை அடியோடு வெட்டி, வேர்க்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிவிட்டு அப்படியே விட்டால் பத்துத் தளிராகக் கிளம்பும். தோண்ட முடியாவிட்டால் கட்டையைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடி, வெளிச்சம் படாமல் விட்டுவையுங்கள்.

அந்த இடத்துக்கும் வேறு இடங்களுக்கும் என்ன வைக்கலாம்? ஆண், பெண் தொல்லையில்லாமல் தனியாகவே காய்க்கும் செடி வேண்டுமென்றால் அரோனியா. வசந்தத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் இலை செக்கச் செவேல், கறுப்புப் பழம், எந்தக் குளிரையும் தாங்கும். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, சாலை உப்பு தெறிக்கும் பக்கத்தில் ருகோசா ரோஜா. அதன் சிவப்புக் காய்கள் பனியிலும் நிற்கும், உப்புக்கு அது அஞ்சாது. விண்டர்பெரியை அங்கே வைத்துவிடாதீர்கள். நிழல் விழும் மூலைக்கு வெள்ளைப் பழம் தரும் ஸ்னோபெரி. நவம்பரில் ஒரு நாள் நகருக்குள்ளேயே இருக்கும் மத்திய பரிசோதனைப் பண்ணைக்குப் போய், 1889-இல் தொடங்கிய அதன் மரப்பூங்காவைச் சுற்றி வாருங்கள். ஒரு செடி இலையெல்லாம் போன பிறகு எப்படி நிற்கும் என்பதை நர்சரித் தொட்டி காட்டாது.

முதல் இரண்டு பனிக்காலத்துக்கு இளம் செடிகளைச் சுற்றி இரும்பு வலை கட்டுங்கள். முயல்கள் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால் தண்டு பட்டுப்போகும். பனி குவிந்த பிறகு அதன் மேல் ஏறி நின்று கடிக்கும் என்பதால், வலை பனிமட்டத்துக்கு மேலும் இரண்டடி இருக்க வேண்டும். பறவைகள் பழத்தைத் தின்றுவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். விண்டர்பெரியைப் பெரும்பாலும் அவை மற்றதெல்லாம் தீர்ந்த பிறகுதான் தொடும். பிப்ரவரிக் குளிரில் வாக்ஸ்விங் கூட்டம் ஒன்று வந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் செடியைக் காலி செய்தால், அன்று மற்ற வேலையை விட்டுவிட்டு ஜன்னலருகே நின்று பாருங்கள். வீட்டு அலங்காரத்துக்கு வேண்டிய கிளைகளை நவம்பரிலேயே வெட்டி, வாசல் தொட்டி மண்ணில் செருகிவிட்டால் குளிரில் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். விண்டர்பெரிப் பழத்தைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒன்றிரண்டு பழத்தில் பொதுவாக உயிராபத்து இல்லை, ஆனாலும் வாயில் வைக்கவிடக் கூடாது. ஸ்னோபெரியும் அப்படித்தான். நான் உண்மையில் அஞ்சுவது வேறு இரண்டைப் பற்றி. ஒன்று யூ. பல வீடுகளில் சுவரோரம் வேலிபோல் வெட்டி நிறுத்தியிருக்கும், ஊசி இலை, சிவப்புக் கிண்ணம் போன்ற பழம். அந்தச் சிவப்புச் சதையைத் தவிர விதை, இலை எல்லாமே கடும் விஷம். மற்றது டாஃப்னி மெசேரியம். வாசனைப் பூவுக்காக வைப்பார்கள், அதன் சிவப்புப் பழங்கள் மிகவும் ஆபத்தானவை. இவை இரண்டில் எது இருந்தாலும் பிள்ளைகள் விளையாடும் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்ராறியோ நச்சு மையத்தின் தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் முதலில் அவர்களை அழையுங்கள்.

பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்பதற்கென்றே ஒரு செடி வையுங்கள். பக்தோர்னை எடுத்த இடத்தில் சர்வீஸ்பெரி பொருத்தமாக இருக்கும். அதன் புல்வெளி நாட்டு வகையின் பெயரைத்தான் சாஸ்கட்டூன் நகரம் தாங்கியிருக்கிறது. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ இலைக்கு முன்னால் வெள்ளையாகப் பூக்கும், தனிச் செடியே காய்க்கும், ஜூன் இறுதி முதல் ஜூலைக்குள் பழுக்கும். சிவப்பாக இருக்கும்போது பறிக்க வேண்டாம், கருநீலமாகட்டும். ராபின்கள் முந்திக்கொள்ளும் என்பதால், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கீழ்க்கிளைகளை மட்டும் பறவையின் கால் சிக்காத நுண்வலையால் மூடி, மேல்கிளைகளை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.